குளிர்ந்த பொருளுக்கு ஏன் வியர்க்கிறது?
குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கணனியும் நாம் கற்ற பாடமும்



தகரக் கொட்டிலிலோ கூடாரத்திலோ சில இரவுகளைக் கழித்த எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வானம் தெளிவாக இருக்கும். மழைக்கு ஓர் அறிகுறியும் இராது. ஆயினும் விடியற்காலையில் நெற்றியின் மேல் ஒரு துளி விழும். பிறகு பாயில் ஒரு துளி, பிள்ளையின் பாடப் புத்தகத்தில் ஒரு துளி. எழுந்து கூரையைத் தடவிப் பார்த்தால் உட்புறம் முழுவதும் ஈரம். "கூரை ஒழுகுகிறது" என்று முறையிட்டு, மேலே இன்னொரு பொலித்தீன் விரிப்பைப் போட்டு, இடைவெளிகளையும் இறுக்கி அடைத்த குடும்பங்களை நாம் அறிவோம். அடுத்த இரவு ஈரம் குறையவில்லை, கூடியது.

அந்தக் கூரை ஒழுகவில்லை. அது வியர்த்தது. இந்த வியர்வை என்ன, எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக் கொண்டால் கூரையை மட்டுமன்றி விதையையும், உறுதிப் பத்திரத்தையும், கைத்தொலைபேசியையும், கணனியையும் காப்பாற்றலாம். விளங்கிக் கொள்ளாததால் நாமே ஒன்றை இழந்தோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

எமது தவறு

மண்சரிவில் வீடிழந்த சில குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப் பத்திரம் ஆகியவற்றைப் படமெடுத்து எமது அலுவலகக் கணனியில் சேமித்து வைத்திருந்தோம். ஒரு நாள் அந்தக் கணனியின் வன்தட்டு வேலை செய்ய மறுத்தது. "குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டிக்குள் ஓர் இரவு வைத்தால் சரியாகும்" என்று யாரோ சொன்னார்கள். நல்ல எண்ணத்துடன்தான் சொன்னார்கள். நாமும் நல்ல எண்ணத்துடன்தான் செய்தோம். காலையில் எடுத்துப் பூட்டியபோது ஒரு கீறல் ஓசை கேட்டது. அதன் பின் அந்தத் தட்டிலிருந்து ஓர் எழுத்தையும் எடுக்க முடியவில்லை.

படங்கள் போயின. மூலப் பத்திரங்களில் சில மண்ணுக்குள் போயிருந்தன. அந்தக் குடும்பங்கள் பிரதி பெறுவதற்காக மீண்டும் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று. நாள் சம்பளத்தை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து அலைந்தார்கள். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தது எமது முதல் தவறு. காரணம் அறியாமல் குளிருக்குள் வைத்தது இரண்டாவது தவறு. இக்கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது.

வளியில் ஒளிந்திருக்கும் நீர்

நம்மைச் சுற்றியுள்ள வளியில் எப்போதும் நீர் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாக இருக்கிறது. கேத்தலின் மூக்கிலிருந்து வெண்மையாக வருவது ஆவியல்ல. ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாக மாறிய புகார் அது. உண்மையான நீராவி தெரிவதில்லை.

சூடான வளியுடன் அதிக ஆவி கலந்திருக்க முடியும். குளிர்ந்த வளியில் கொஞ்சந்தான் முடியும். ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரமுள்ள ஒரு கன மீற்றர் வளியை எடுத்துக்கொள்வோம். 30 பாகை செல்சியஸில் அதில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 25 பாகையில் 23 கிராம். 20 பாகையில் 17 கிராம். 15 பாகையில் 13 கிராம். 10 பாகையில் 9 கிராம். 5 பாகையில் 7 கிராமுக்கும் குறைவு.

இருக்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைச் சாரீரப்பதன் என்பார்கள். 25 பாகையில் சாரீரப்பதன் 80 வீதம் என்றால், ஒரு கன மீற்றரில் 18 கிராம் அளவு நீர் இருக்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள ஒரு காம்பராவின் வளியில் 400 கிராமுக்கு மேல் நீர் மிதக்கிறது என்று பொருள். இரண்டு பெரிய கோப்பை தேநீர் அளவு.

இந்த வளி குளிர்ந்தால் என்ன நடக்கும்? ஒரு கட்டத்தில் அதனுடைய கொள்ளளவு நிரம்பிவிடும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மிச்சமுள்ள ஆவி நீராக வெளியேற வேண்டும். இப்படி ஆவி நீராவதை ஒடுங்குதல் என்கிறோம். அது தொடங்கும் வெப்பநிலை பனிபடுநிலை எனப்படும். மேலே சொன்ன 25 பாகை, 80 வீத வளிக்குப் பனிபடுநிலை ஏறத்தாழ 21 பாகை. அந்த வளியில் 21 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். அது தகரமாக இருக்கலாம், கண்ணாடியாக இருக்கலாம், கணனியாகவும் இருக்கலாம். நீர் அந்தப் பொருளுக்குள் இருந்து வரவில்லை. சுற்றியுள்ள வளியிலிருந்து வருகிறது.

இப்போது கூடாரத்துக்குத் திரும்புவோம். உறங்கும் மனிதர் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 கிராம் நீர் வெளியேறுகிறது. நான்கு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஒரு லீற்றருக்கு மேல். அதனோடு உள்ளே சமையல், உள்ளே காயும் உடுப்பு. பண்டாரவளைப் பக்கத்தில் இரவில் வெளியே 15 பாகைக்கு இறங்கும்போது மெல்லிய கூரையும் அதே அளவு குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் கூரையில் பட்டு நீராகிறது. இடைவெளிகளை அடைத்தால் ஈரம் கூடியதற்குக் காரணம் இதுதான்.

கொழுந்து மாடியில் தெரிந்த கலை

இந்த அறிவு ஊவாவுக்குப் புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். வளி உலர்ந்திருந்தால் துணியிலிருந்து நீர் விரைவாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர்விக்கும். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருக்கும். புகார் மூடிய நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். அப்போது வெறும் காற்றை ஊதினால் கொழுந்து வாடாது. சூடாக்கிய காற்றைக் கலந்து ஊத வேண்டும். சூடாக்கும்போது வளியில் உள்ள நீர் குறைவதில்லை. ஆனால் அதன் கொள்ளளவு கூடுவதால் அது இன்னும் நீரை இழுக்கத் தயாராகிறது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு உலர்ந்து ஊவாவுக்கு வருகிறது. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணத்துக்கு அந்த உலர்ந்த காற்றே காரணம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். அப்போது வீட்டில் உப்புக் கசியும், செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டிச் சட்டையில் வாடை வரும். மண்சரிவுகள் நம்மை வீட்டிலிருந்து துரத்துவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்று, பதுளை மாவட்டத்தில் எண்ணற்ற சரிவுகளை ஏற்படுத்தியது 2025 நவம்பர் இறுதியில். ஆகவே நாம் கூடாரத்திலும் பொது மண்டபத்திலும் இருக்க நேர்வது, பொருட்கள் மிக எளிதில் வியர்க்கும் பருவத்திலேயே.

கிதியோனின் தோலும் ஒரு வைத்தியரின் கம்பளியும்

நியாயாதிபதிகள் ஆகமத்தின் 6ஆம் அதிகாரத்தில் கிதியோன் ஓர் ஆட்டுத் தோலைக் களத்திலே போட்டு வைத்ததை நாம் அறிவோம். காலையில் அதைப் பிழிந்தபோது ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் கிடைத்தது. லண்டனில் வைத்தியராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்பவரும் இதைப் போன்றதைச் செய்தார். நிறுத்து வைத்த சிறு கம்பளித் துண்டுகளை இரவில் வெவ்வேறு இடங்களில் வைத்து, காலையில் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். தமது முடிவுகளை 1814இல் நூலாக வெளியிட்டார்.

பனி வானத்திலிருந்து மழைபோல விழுவதில்லை என்று அவர் காட்டினார். தெளிந்த இரவில் புல்லும் கம்பளியும் தமது வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள வளியை விடக் குளிர்கின்றன. அதன் பிறகே அவற்றின் மேல் பனி படிகிறது. குளிர் முதலில், ஈரம் பிறகு. இந்த ஒழுங்கை மறவாதீர்கள். கிதியோனுக்கு அடுத்த இரவு தோல் காய்ந்தும் நிலம் நனைந்தும் இருந்ததை விளக்க நாம் முயலவில்லை. அது விசுவாசத்தின் காரியம்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் கணனியை வைத்தால்

கணனியும் கைத்தொலைபேசியும் வேலை செய்யும்போது சூடாகின்றன. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அந்தச் சூடு கூடிவிடும். "சூடானால் குளிரில் வை" என்ற நினைப்பு இயல்பாக வருகிறது. அது ஏன் பிழை?

முதலாவது, உள்ளே வைத்திருக்கும்போது அல்ல, வெளியே எடுக்கும்போதே ஆபத்து அதிகம். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே 4 பாகை அளவு இருக்கும். அங்கே ஆவி குளிர்க் குழாயில் படிந்து உறைவதால் உள்வளி ஓரளவு உலர்ந்திருக்கும். ஆனால் 24 பாகை, 80 வீதச் சாரீரப்பதன் உள்ள பதுளை அறை ஒன்றுக்குள் அந்தக் கைத்தொலைபேசியைக் கொண்டு வந்தால், அந்த வளியின் பனிபடுநிலை 20 பாகை. தொலைபேசி 4 பாகையிலிருந்து 20 பாகையைத் தாண்டும் வரை வியர்த்துக் கொண்டே இருக்கும். கண்ணாடியின் மேல் மட்டுமல்ல, சார்ஜ் செய்யும் துவாரத்தின் உள்ளேயும், வளி நுழையும் ஒவ்வொரு இடுக்கிலும் வியர்க்கும். வெளியே உள்ளதைத் துடைக்கலாம். உள்ளே உள்ளதைத் துடைக்க முடியாது.

இரண்டாவது, அந்த நீர் செய்யும் வேலை. சுத்தமான நீரில் மின்சாரம் அதிகம் பாயாது. ஆனால் மின்சுற்றுப் பலகையில் தூசி, உப்பு, ஈயப்பற்றின் எச்சம் எல்லாம் இருக்கும். அவை கரைந்தவுடன் நீர் மின்சாரத்தைக் கடத்தும். மயிரிழை போன்ற செப்புக் கோடுகளுக்கிடையே குறுஞ்சுற்று ஏற்படும். உடனே பழுதாகாவிட்டாலும், செப்புப் பாத்திரத்தில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு மெதுவாகப் பிடிக்கும். "அன்றைக்கு நன்றாகத்தானே வேலை செய்தது" என்று சொல்லும் பொருள் மூன்று மாதம் கழித்துச் சாவது இதனால்தான்.

மூன்றாவது, மின்கலம். கைத்தொலைபேசியின் லிதியம் மின்கலத்தை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெடும். உறைபெட்டியில் ஏறத்தாழ சைபருக்குக் கீழே 18 பாகை இருக்கும்.

நான்காவது, ஓடிக்கொண்டிருக்கும் கணனியையே உள்ளே வைத்துக் குளிர்விக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, ஏற்கனவே ஆறிய உணவைக் குளிராக வைத்திருக்கச் செய்யப்பட்டது. மேசைக் கணனி ஒன்று 100 வாற்று, அதற்கு மேலும் கூட, நிறுத்தாமல் வெப்பத்தைக் கொட்டும். கம்பிகள் போவதால் கதவும் சரியாக மூடாது. அந்த இடைவெளியால் ஈர வளி ஓயாமல் உள்ளே வரும். குளிரூட்டும் மோட்டார் ஓய்வின்றி ஓடி எரியும். இரண்டு பொருளும் போகும், மின்கட்டணமும் ஏறும்.

வன்தட்டுக்கு என்ன நடந்தது?

பழைய வகை வன்தட்டின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. அதை வாசிக்கும் முனை தகட்டைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு 50,000 முதல் 100,000 நனோமீற்றர் வரை. அந்த முனைக்கு ஒரு நீர்த்துளி என்பது பாதையில் கிடக்கும் பாறை.

வன்தட்டு முழுவதும் மூடியது என்றே நாம் நினைத்தோம். பெரும்பாலானவற்றில் வளியழுத்தத்தைச் சமன் செய்ய வடிகட்டியுடன் கூடிய சிறு துவாரம் உண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்தபோது தகடு பனிபடுநிலையை விட மிகவும் குளிர்ந்திருந்தது. ஈர வளி பட்டவுடன் அதில் நீர் படிந்தது. நாம் பொறுமையின்றி உடனே மின்சாரம் கொடுத்தோம். முனை நீரில் மோதித் தகட்டைக் கீறியது. நாம் கேட்ட ஓசை அதுதான்.

குளிரில் உலோகம் சுருங்கி, இறுகிய பாகம் விடுபடும் என்பதே அந்தக் கைவைத்தியத்தின் நியாயம். ஏதோ ஒரு காலத்தில் சில தட்டுகள் அப்படிச் சற்று நேரம் ஓடியிருக்கலாம். ஆனால் நோய் எதுவென்று அறியாமல் கொடுக்கும் மருந்து அது. வேறு பிரதி இல்லாத தட்டில் அதைச் செய்வது, இருக்கும் ஒரே விதைநெல்லைக் கொண்டு சூதாடுவது போன்றது.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

நாம் மட்டும் இதில் அகப்படவில்லை. 1970 ஏப்ரலில் சந்திரனுக்குச் சென்ற அப்பலோ 13 விண்கலத்தில் வெடிப்பு ஏற்பட்டது. மூன்று வீரர்களும் மின்சாரத்தைச் சேமிக்க முக்கிய கலத்தின் கருவிகளை நிறுத்தினார்கள். உள்ளே வெப்பநிலை 4 பாகை அளவுக்கு இறங்கியது. அவர்களின் மூச்சிலிருந்த ஆவி சுவர்களிலும் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் துளித்துளியாகப் படிந்தது. பூமிக்குத் திரும்ப மீண்டும் மின்சாரம் கொடுத்தபோது குறுஞ்சுற்று ஏற்படுமோ என்று அஞ்சினார்கள். ஏற்படவில்லை. 1967இல் அப்பலோ 1 தீவிபத்தில் மூவர் இறந்த பின் மின்கம்பிகளின் காப்பு உறைகள் திருத்தப்பட்டிருந்தன. அந்தத் திருத்தம் இவர்களைக் காத்தது. ஒரு துன்பத்தில் கற்ற பாடம் அடுத்த துன்பத்தில் உயிர் காத்தது.

2011இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிரின்வில் என்ற இடத்தில் பேஸ்புக் நிறுவனத்தின் கணனி நிலையத்தினுள்ளே மேகமே உருவானது. அந்தக் கட்டடம் வெளிக்காற்றையும் நீர்த்தூறலையும் கொண்டு குளிர்விக்கப்படுவது. கட்டுப்பாட்டுக் கோளாறினால் வெதுவெதுப்பான, மிகவும் ஈரமான வளி கணனிகளின் பக்கம் பாய்ந்தது. நீர் ஒடுங்கிச் சில கணனிகள் தாமாக நின்று மீண்டும் ஓடின, சில பழுதாயின. பிறகு கட்டுப்பாட்டு முறையைத் திருத்தினார்கள். கணனிகளைத் தண்ணீர்க் குழாயால் குளிர்விக்கும் நிலையங்களில் அந்தத் தண்ணீரைப் பனிபடுநிலைக்கு மேலேயே வைத்திருப்பார்கள். குளிர்விக்க வேண்டும், ஆனால் வியர்க்கும் அளவுக்கு அல்ல. முழு இரகசியமும் இதுதான்.

நாம் செய்யக்கூடியவை

டம்ளர் சோதனை: பளபளப்பான உலோக டம்ளரில் கடையிலிருந்து வாங்கிய குளிர்ந்த தண்ணீரை ஊற்றி வையுங்கள். வெளிப்புறம் மங்கினால் அன்றைய வளியில் அந்த அளவு குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

சூடான கைத்தொலைபேசி: சார்ஜ் கம்பியைக் கழற்றி, உறையை நீக்கி, நிறுத்தி, நிழலில் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சீமெந்துத் தரையின் குளிர்மை போதும். தலையணையின் கீழ் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள்.

நனைந்த கைத்தொலைபேசி: உடனே நிறுத்துங்கள். சார்ஜ் செய்ய வேண்டாம். சிம் அட்டையையும், கழற்ற முடிந்தால் மின்கலத்தையும் எடுங்கள். துவாரம் கீழ்நோக்க, நிழலில் காற்றுப்பட ஒரு நாளுக்கு மேல் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போகும். ஐபோன் செய்யும் நிறுவனமே அரிசியில் வைக்க வேண்டாம் என்று சொன்னது 2024இல் செய்தியானது. அடுப்பின் மேலும் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம்.

சேற்றில் கிடந்த கணனி அல்லது வன்தட்டு: ஓடுகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுக்காதீர்கள். வெயிலிலும் காயவிடாதீர்கள். சேறு உள்ளே காய்ந்து ஒட்டிவிடும். பொலித்தீன் பையில் கட்டி, இதில் தேர்ந்தவரிடம் அப்படியே கொடுங்கள்.

மலையிறங்கும் பயணம்: ஹப்புத்தளையில் காலைக் குளிரில் இருந்த மடிக்கணனியை வெல்லவாயாவுக்குக் கொண்டு சென்றால் அங்கே உடனே பையைத் திறக்காதீர்கள். இரண்டு மணி நேரம் பை மூடியபடி இருக்கட்டும். வியர்வை பையின் மேல் படியும், கணனியின் மேல் அல்ல. சூடேறிய பிறகு திறந்து பாவியுங்கள்.

விதை: இதே சட்டம் விதைக்கும் பொருந்தும். நன்கு காய்ந்த போஞ்சி, தக்காளி விதைகளைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிரில் வைப்பது நல்லது. வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை குறைய, அல்லது விதையின் ஈரம் ஒரு வீதம் குறைய, விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொது விதி. ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் விதையின் மேல் நீர் படிந்து, காய வைத்த உழைப்பு வீணாகும். போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பின்பே திறவுங்கள். போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசியை ஒரு துணி முடிச்சில் வைத்தால் ஈரத்தை இழுக்கும். வெலிமடைப் பக்கத்தில் குளிர்க் களஞ்சியத்திலிருந்து விதைக் கிழங்கு எடுப்போர் மூட்டைகளை நிழலில் பரப்பி, வியர்வை உலரும் வரை காற்றோட்டம் கொடுங்கள். ஈரக் கிழங்கு அழுகும்.

கூரை: உச்சியில் எதிரெதிரே இரண்டு காற்று வழிகளை விடுங்கள். சமையலையும் ஈர உடுப்பையும் உறங்கும் இடத்திலிருந்து விலக்குங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாக்கு அல்லது துணித் தட்டி கட்டினால் துளி நேரே பாயில் விழாது.

பத்திரங்கள்: உலர்ந்த நாளில் உலர்ந்த கையுடன் பொலித்தீன் உறையில் இட்டு மூடுங்கள். ஈர நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறீர்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒரு பிரதி கணனியில் அல்லது மின்னஞ்சலில் இருக்கட்டும். எம்மிடம் மட்டும் தந்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம் என்பதை வெட்கத்துடன் கேட்டுக்கொள்கிறோம்.

முடிவாக

கைத்தொலைபேசி இன்று வெறும் பேச்சுக் கருவியல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அதில்தான் நம்மை வந்தடைகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைப்பதும் அதில்தான். மழை இரவில் அது சாகக் கூடாது.

உங்கள் குழுக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். நமது கொட்டிலில் ஆவி எங்கிருந்து வருகிறது, எந்த வழியால் வெளியேறுகிறது? நமது பத்திரங்களின் பிரதிகள் எத்தனை, எங்கே? "யாரோ சொன்னார்கள்" என்று நாம் செய்த வேலைகளில் எவற்றின் காரணத்தை நாம் கேட்கவில்லை?

காரணம் கேட்பது விசுவாசக் குறைவல்ல. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் பொறுப்பின் ஒரு பகுதி அது. நாம் அதைத் தாமதமாகக் கற்றோம். நீங்கள் முன்னதாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எமது விருப்பம்.